விடுதலைப் பத்திரமும் உதட்டுச் சாயமும்

லால்குடிக் கூட்டத்தில் மேடைக்கு ஒரு துண்டுச் சீட்டு வந்தது. கூட்டம் என்றால் சீட்டு வரும். குடிநீர்க் குழாய் பற்றி வரும், கூட்டுறவுக் கடன் பற்றி வரும், "அடுத்தவரைப் பேச விடுங்கள்" என்றுகூட வரும். இந்தச் சீட்டு அப்படிப்பட்டதன்று. "உதட்டிலே சாயமும் முகத்திலே மாவும் பூசிக்கொண்டு வந்து நிற்கும் பெண், பெண் விடுதலை பேசலாமா? இது பகுத்தறிவுக்கு ஒக்குமா?" என்று கேட்டிருந்தது. கீழே பெயர் இல்லை. பெண்ணின் முகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் தம் முகத்தைக் காட்டுவதில்லை. அது நாடறிந்த வழக்கம்!

எனக்கு முன்னர்ப் பேசியவர் ஒரு கல்லூரி மாணவி. இருபத்தைந்து நிமிடம் பேசினார், கையில் குறிப்பில்லை. 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு கேட்டது. 1989இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அதைச் சட்டமாக்கியது. 2005இல் டில்லி அதே வழிக்கு வந்தது. 2020 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், மகள் பிறப்பாலேயே பங்காளி என்று தெளிவாக்கியது. இத்தனையையும் வரிசை பிறழாமல் சொன்னார். சொல்லிவிட்டு, "அப்படியானால் இந்த வட்டத்தில் எத்தனை வயல் பெண்கள் பெயரில் இருக்கிறது?" என்று கேட்டார். கூட்டம் அமைதியாயிற்று. அந்த அமைதியைக் கலைக்கத்தான் சீட்டு வந்தது என்பது என் கணிப்பு. நிலத்தைப் பற்றிப் பேசினால் விடை சொல்ல வேண்டும். நிறத்தைப் பற்றிப் பேசினால் சிரித்துவிட்டு எழுந்து போகலாம் அல்லவா!

தோழர்களே, அந்த மேடையில் வீற்றிருந்த ஆடவரை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எழுவர் இருந்தோம். எழுவரில் நால்வரின் தலைமுடி கன்னங்கரேலென்று இருந்தது. அந்தக் கருமை அவர்கள் அன்னை தந்ததன்று, அங்காடி தந்தது. கருப்பு நம் கொடியில் இருக்கிறது, ஒப்புகிறேன்; அதற்காகத் தலையிலும் ஏற்றியாக வேண்டுமா? கஞ்சி மணக்கும் வேட்டி, இரண்டு விரல் அகலக் கரை, மடிப்புக் கலையாத துண்டு, கைக்கடிகாரம், மோதிரம்! ஒருவர் சட்டைப் பையில் செருகியிருந்த பேனா எழுதுவதற்கன்று, மின்னுவதற்கு. மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பதாகையில் எங்கள் எழுவர் முகமும் பதினைந்து ஆண்டு இளமையோடு, உரித்த பலாச்சுளை நிறத்தில் ஒளிவிட்டன. "தலைக்குச் சாயம் அடித்தவர் சமத்துவம் பேசலாமா?" என்று ஒரு சீட்டும் வரவில்லை. கண்ணை மறைத்த கருப்புக் கண்ணாடியும் தலையை மறைத்த வெள்ளைத் தொப்பியுமாகவே வாழ்ந்து ஆண்டு மறைந்தார் ஒரு முதலமைச்சர். எம்.ஜி.ஆரின் ஆட்சியைப் பற்றி ஆயிரம் குறை சொல்லியிருக்கிறோம். அந்தத் தொப்பி அவர் கொள்கைக்கு ஒக்குமா என்று யாரும் கேட்டதில்லை. ஆணின் ஒப்பனைக்கு நம் நாட்டில் 'எடுப்பு' என்று பெயர். பெண்ணின் ஒப்பனைக்கு 'மினுக்கு' என்று பெயர். அகராதியையே அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நான் நாடகக்காரன். அரிதாரத்தின் மணம் எனக்குத் தெரியும். இந்த இயக்கமே அரிதாரம் பூசிய முகங்களால் வளர்ந்த இயக்கம் என்பதை மறந்துவிட வேண்டா. அண்ணா காகப்பட்டராக வேடமிட்டு மேடையேறினார். எம்.ஆர். இராதா 'ரத்தக் கண்ணீர்' நாடகத்தில் தொழுநோயாளியாக முகத்தை மாற்றிக்கொண்டு வந்து நின்றபோது, ஊர்ப் பெரிய மனிதர்களின் முகமூடிகள் கழன்று விழுந்தன. திருச்சியில் 1979இல் மறைந்த அந்தக் கலைஞனை நோக்கி, "முகத்தில் பூச்சு, வாயில் புரட்சியா?" என்று கேட்டவர் உண்டா? நாடகத்தில் நாங்கள் பார்ப்பது பூச்சை அன்று. இந்த வேடத்தை எழுதியவன் யார், இதை ஏற்றவன் விரும்பி ஏற்றானா, திரை விழுந்த பின் கழுவிவிட்டு வீட்டுக்குப் போக அவனுக்கு விடுதலை உண்டா என்றுதான் பார்க்கிறோம்.

சீட்டை எழுதியவர் எதிர்முகாம் என்றால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் சீட்டின் மறுபுறத்தில் ஒரு வரி இருந்தது: "பெரியார் சொன்னதை மறந்துவிட்டீரா?" ஆக, கேள்வி நம் வீட்டுக்குள்ளிருந்துதான் வந்திருக்கிறது. வீட்டுக்குள்ளிருந்து வந்த கேள்விக்கு வீட்டுக்காரன் விடை சொல்லித்தான் ஆக வேண்டும்.

மறக்கவில்லை, தோழரே! பெண்கள் முடியை வெட்டிக்கொள்ள வேண்டும், சட்டையும் லுங்கியும் அணிய வேண்டும், நகையைக் கழற்ற வேண்டும் என்று பெரியார் ஊர் ஊராகப் பேசினார். எழுதினார். ஏன் சொன்னார்? அழகைக் கண்டு அஞ்சிய துறவியா அவர்? ஈரோட்டு மண்டியில் கணக்குப் பார்த்த வணிகர் அவர். இதையும் கணக்குப் பார்த்துத்தான் சொன்னார். கூந்தலுக்கு எத்தனை நாழிகை, சேலைக்கு எத்தனை நாழிகை, அந்த நாழிகையில் ஒரு பெண் எத்தனை பக்கம் படித்திருப்பாள் என்பது ஒரு கணக்கு. கழுத்திலே பொன்னைப் பூட்டிவிட்டால், அதைக் காக்கத் துணை இல்லாமல் தெருவில் நடக்க அவள் அஞ்சுவாள். அச்சம் பூட்டிய பெட்டியாகிவிடுவாள் என்பது இன்னொரு கணக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, மாட்டுக்குக் கட்டும் சலங்கையைப் போல, 'இவள் இன்னாருடைய உடைமை' என்று ஊருக்கு அறிவிக்கும் அடையாளமாக அணிகலன் ஆகிவிட்டதே என்பது அவர் நெஞ்சைச் சுட்ட கணக்கு.

சரி, 'பெண் ஏன் அடிமையானாள்?' என்ற அவர் நூலைப் பிரித்துப் பாருங்கள். பத்து அத்தியாயங்கள். கற்பு பற்றி உண்டு. காதல் பற்றி உண்டு. மறுமணம், விதவைகள் நிலைமை, கர்ப்பத்தடை பற்றி உண்டு. சொத்துரிமைக்கென்று தனி அத்தியாயமே உண்டு. ஒப்பனைக்கென்று ஓர் அத்தியாயம் இல்லை! அந்த மாணவி பேசியது பெரியாரின் சொத்துரிமை. சீட்டு எழுதியவர் கண்டது பெரியார் தனி அத்தியாயமே ஒதுக்காத சாயம். யார் பெரியாரை மறந்தார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரியார் தம் சொல்லை மந்திரமாக்கிக்கொள்ளச் சொன்னவர் அல்லர். தாம் சொன்னதாலேயே ஏற்காமல் உங்கள் அறிவைக் கேட்டு முடிவு செய்யுங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னவர். அவர் கண்ட முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர் போட்ட கணக்கை எறிந்துவிட்டால், நாமும் ஒரு மடம் கட்டியவர்கள் ஆவோம். ஆகவே கணக்கைக் கையிலெடுத்துக்கொண்டு பார்ப்போம்.

காவிரிக் கரையில் பழைய காலத்தில் மூன்று பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி மனைவி. அவளுக்குப் பூ உண்டு, பொட்டு உண்டு, மஞ்சள் உண்டு, பட்டு உண்டு. இரண்டாமவள் விதவை. நேற்று வரை மனைவியாயிருந்தவள்தான். கணவன் கண்ணை மூடிய பத்தாம் நாளே பூவைப் பறித்தார்கள், பொட்டை அழித்தார்கள், வளையலை உடைத்தார்கள். திருவரங்கத்து அக்கிரகாரங்களில் தலையையும் மழித்து, ஒற்றைத் துணியைச் சுற்றி, அடுக்களை இருட்டிலே உட்கார வைத்தார்கள். மூன்றாமவள் கோயிலுக்குப் பொட்டுக் கட்டப்பட்டவள். அவளுக்கு எல்லா அணியும் உண்டு, எந்நாளும் உண்டு; நித்திய சுமங்கலி என்று பட்டமே கொடுத்தார்கள். வீடு மட்டும் இல்லை, கணவன் இல்லை, 'மாட்டேன்' என்று சொல்லும் வாய் இல்லை.

இந்த மூவரையும் வரிசையாக நிறுத்திப் பாருங்கள். அணிந்தவளும் அடிமை, அணியாதவளும் அடிமை, எல்லாரினும் மிகுதியாக அணிந்தவள் எல்லாரினும் மிகுந்த அடிமை. அப்படியானால் அடிமைத்தனம் பூவிலா இருக்கிறது? பூவை வைக்கவும் பறிக்கவும் உரிமை பெற்றிருந்த கையில் இருக்கிறது! மனைவியின் நெற்றியில் இருந்த பொட்டு அவளுடையதன்று; அவளுடையதாக இருந்திருந்தால் கணவன் இறந்த அன்று அதை அழிக்க ஊருக்கு ஏது உரிமை?

இங்கே ஒரு முகம் நினைவுக்கு வருகிறது. சொல்லாமல் நகர மனம் வரவில்லை. கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள். 1933 டிசம்பரில் எஸ்.ஜி. கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. அன்று வெள்ளை உடுத்தியவர் வாழ்நாள் முழுதும் வெள்ளைதான் உடுத்தினார். அந்த வெள்ளையிலேயே 'நந்தனார்' படத்துக்கு ஒரு இலட்சம் ரூபாய் பெற்று, ஆண் நடிகர்களை அண்ணாந்து பார்க்க வைத்தார். அவர் விரும்பி உடுத்தினாரா, ஊரின் கண் உடுத்த வைத்ததா? அதை அளக்க என்னிடம் கோல் இல்லை. அளக்கக் கிளம்புவதே ஆணவம் என்றும் தோன்றுகிறது. ஒன்று மட்டும் தெரிகிறது: வெள்ளைச் சேலையைக் கண்டு ஒரு பெண்ணை அடிமை என்று முத்திரை குத்துவதும், சிவந்த உதட்டைக் கண்டு முத்திரை குத்துவதும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு கைகள்.

அந்த மூன்றாமவளின் குலத்திலிருந்து எழுந்தவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். பொட்டுக் கட்டும் கொடுமையை எதிர்த்து ஊர் ஊராய் நடந்தார். 1936இல் 'தாசிகள் மோசவலை' என்று நாவலே எழுதினார். 1938 ஆகஸ்டு முதல் நாள் நம் திருச்சி உறையூரிலிருந்து இந்தி எதிர்ப்புத் தமிழர் படை சென்னைக்குக் கால்நடையாகக் கிளம்பியபோது, அந்த ஆடவர் கூட்டத்தில் ஐம்பத்தைந்து வயதில் அவரும் நடந்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் அம்மையாரும் இன்னும் பலரும் போராடிய போராட்டத்தின் கனி 1947இல் சட்டமாயிற்று.

அந்த அம்மையாரின் பெயரால் 1989இல் ஓர் அரசுத் திட்டம் வந்தது. ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு ஐயாயிரம் ரூபாய். ஆனால் அவள் எட்டாம் வகுப்பாவது படித்திருக்க வேண்டும். பணத்தைக் காட்டிப் பள்ளிக்கு அனுப்பும் தந்திரம் அது. 2011இல் அதே திட்டத்தில் தாலிக்கென்று நான்கு கிராம் தங்கம் சேர்ந்தது. 2016இல் எட்டுக் கிராம் ஆயிற்று. பொட்டுக் கட்டுவதை ஒழித்த அம்மையாரின் பெயரால் அரசே பவுன் நிறுத்துத் தாலிக்குக் கொடுத்தது! வாங்கிய ஏழைத் தாயை நான் குறை கூறமாட்டேன். அந்த ஒரு பவுனுக்காக வட்டிக் கடையில் நின்றவர்கள் அவர்கள். ஆனால் 2022இல் அந்தத் திட்டத்தையே மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குச் செல்லும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று ஆக்கியபோது, தங்கத்தை நிறுத்திவிட்டார்களே என்று புலம்பியவர்கள் யார் என்று பார்த்தேன். பெண்களின் மினுக்கைக் கண்டு முகம் சுளிக்கும் அதே பெரியவர்கள்! பெண் தன் பணத்தில் வாங்கும் சாயம் அவர்களுக்கு ஆடம்பரம். பெண்ணின் கழுத்தில் பிறர் பூட்டும் பொன் அவர்களுக்குப் பண்பாடு.

நம் வீட்டுத் தோழருக்கு இன்னொரு செய்தி சொல்ல வேண்டும். அணிகலனையும் ஆடையையும் அடிமைச் சின்னம் என்று ஒரே மூச்சில் தள்ளிவிட முடியாத மண் இது. தெற்கே, அந்நாளில் திருவிதாங்கூரோடு இருந்த குமரிச் சீமையில், நாடார் குலப் பெண்கள் மேலாடை அணிந்தார்கள் என்பதற்காகச் சந்தையிலும் சாலையிலும் அது கிழிக்கப்பட்டது. பல பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பின் 1859இல் அரசர் அறிவிப்பு விட்டார். என்ன அறிவிப்பு? அணியலாம், ஆனால் மேல்சாதிப் பெண்டிர் அணிகிற முறையில் அணியக்கூடாது! மானத்தை மறைக்க இசைந்தார்கள், நாகரிகத்துக்கு இசையவில்லை. ஒருத்தி எப்படி உடுத்துகிறாள் என்பதில் இவ்வளவு பெரிய அரசுக்கு என்ன அச்சம்? தோளில் கிடக்கும் முழத்துணி, 'நானும் உன்போல்தான்' என்று பேசிவிடுமே என்ற அச்சம்!

அது பழங்கதை என்கிறீர்களா? 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிட மக்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். பொன், வெள்ளி நகை அணியக்கூடாது. பெண்கள் இரவிக்கையும் தாவணியும் அணியக்கூடாது. பெண்கள் பூச்சூடக்கூடாது, மஞ்சள் பூசக்கூடாது. ஆண்கள் சட்டை போடக்கூடாது, முடியைக் கத்தரித்துக் கொள்ளக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்பணியக்கூடாது. பூச்சூடக்கூடாது என்பதைத் திரும்பப் படியுங்கள். ஒரு தெருவில் பூ, அடிமையின் அடையாளம்; அடுத்த தெருவில் அதே பூ, கலகக்கொடி! சேரிப் பெண் ஒருத்தி முழப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர்த் தெரு வழியே நடந்தாள் என்றால், அது மாநாட்டுத் தீர்மானத்துக்குக் குறைந்ததா? பண்ணை வீட்டுப் பெண் நகையைக் கழற்றினால் அது புரட்சி. நகையே அணியக்கூடாது என்று அடிக்கப்பட்டவளிடம் போய், "நகையைக் கழற்று, அதுவே விடுதலை" என்று நாம் உபதேசித்தால், அவள் நம்மை அந்தப் பழைய ஆண்டையின் தம்பி என்றுதான் எண்ணுவாள்.

பெண்ணின் உடையைப் பார்த்து ஒருநாளும் மனநிறைவு கொள்ளாத கூட்டம் ஒன்று எல்லா நாட்டிலும் உண்டு. இங்கிலாந்தில் வாக்குரிமை கேட்ட பெண்களை, பல் துருத்திய கிழவிகளாகவும் மீசை முளைத்த ஆண்பிள்ளைகளாகவும் கேலிப்படம் வரைந்தார்கள். அதற்கு விடையாகவே அவர்கள் 1908இல் ஊதா, வெள்ளை, பச்சை என்று நிறம் வகுத்துக்கொண்டு நேர்த்தியாக உடுத்தி அணிவகுத்தார்கள். அமெரிக்காவில் 1968 செப்டம்பரில் அழகிப் போட்டி நடந்த அட்லாண்டிக் நகரக் கடற்கரையில், பெண்கள் போலி இமைகளையும் குதிகால் உயர்ந்த செருப்பையும் இடுப்பை இறுக்கும் கச்சையையும் குப்பைத் தொட்டியில் வீசினார்கள். எதையும் கொளுத்தவில்லை. ஆனாலும் 'உள்ளாடை கொளுத்திகள்' என்ற பெயர் இன்றுவரை அவர்களை விடவில்லை. அவர்கள் வழங்கிய துண்டறிக்கையில் என்ன இருந்தது என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? பூசினால் பொம்மை, பூசாவிட்டால் ஆண்பிள்ளை. லால்குடியானால் என்ன, லண்டனானால் என்ன, சீட்டு எழுதும் கை ஒன்றுதான்.

நம் ஊர்ப் பண்பாட்டுக் காவலர்களுக்கு வருவோம். 2015 நவம்பரில், நம் திருச்சி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் கோயில் விழாவுக்கு ஆடல் பாடல் நடத்த இசைவு கேட்டு ஒரு வழக்கு மதுரைக் கிளை உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. கேட்டது ஆடல் பாடல். கிடைத்தது ஆடைக் கட்டளை! தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு 2016 ஜனவரி முதல் நாளிலிருந்து இன்னின்ன உடையில்தான் வர வேண்டும் என்று ஒற்றை நீதிபதி தீர்ப்பளித்தார்; இரு நீதிபதிகள் அமர்வு பின்னர் அதை நிறுத்தி வைத்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே அண்ணா பல்கலைக்கழகத்தில் ஜீன்சுக்குத் தடை வந்தது. அண்ணாவின் பெயரைத் தாங்கிய கூடத்தில்! அவர் உடுத்தும் உடையைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தால், பொடிக் கறை படிந்த தம் சட்டையை முதலில் மாற்றியிருப்பார்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடமும் இதுதான், தோழர்களே. 1996 நவம்பரில் பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடந்தது. எதிர்த்தவர்கள் இரண்டு அணி. ஓர் அணி, "பெண்ணைச் சந்தைப் பொருளாக்காதே" என்றது. மற்றோர் அணி, "இந்துப் பண்பாட்டைக் கெடுக்காதே" என்றது. நீச்சலுடைச் சுற்றைச் செய்செல்ஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டாம் அணிக்கு அது வெற்றியாகவும் பட்டிருக்கலாம். முதல் அணிக்கு என்ன கிடைத்தது? சந்தை கடல்கடந்தாலும் சந்தைதானே! சாயத்தை எதிர்க்கிறேன் என்று கிளம்புகிற தோழர், தம் பக்கத்தில் யார் நிற்கிறார் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஆகவே சாயக் கம்பெனிக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் எண்ண வேண்டா. 1975இல் ஒரு களிம்பைக் கொண்டுவந்தார்கள். 'ஃபேர் அண்டு லவ்லி' என்று பெயர். வெயிலில் உழைத்த நிறத்தை இழிவென்று சொல்லி, கருத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்கமாட்டான், வேலை கிடைக்காது என்று வீட்டுக்கு வீடு விளம்பரத்தில் அழவைத்து, நாற்பத்தைந்து ஆண்டு விற்றார்கள். 2020இல் உலகெங்கும் நிறவெறிக்கு எதிராகக் குரல் எழுந்ததும், 'ஃபேர்' என்ற சொல்லைக் கழுவிவிட்டு 'குளோ' என்று பூசிக்கொண்டார்கள். முகம் மாறவில்லை, கம்பெனி தன் முகத்துக்குத்தான் ஒப்பனை செய்துகொண்டது! இந்த மண்ணின் நிறம் கருப்பு. அதைப் பழிக்கும் களிம்பு, உதட்டுச் சாயத்தைப் போல ஒரு விளையாட்டன்று, ஒரு கோட்பாடு. சாதியின் தங்கை அது. அதை வாங்காதே என்று நான் மேடைதோறும் சொல்வேன். ஆனால் வாங்கிய பெண்ணை ஏசமாட்டேன். பெண் பார்க்கப் போய், "பெண் கொஞ்சம் நிறம் குறைவு" என்று காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்த ஆணைத்தான் ஏசுவேன். களிம்புக் கம்பெனியின் ஊதியம் பெறாத விற்பனையாளன் அவன்தானே!

இதையும் பாருங்கள். திருச்சிப் பெரிய துணிக்கடைகளில், ஒரே நிறச் சேலை கட்டி, கொண்டையிட்டு, முகம் திருத்தி நிற்கும் பெண்களை எத்தனை முறை கடந்து போயிருக்கிறோம்! அந்த ஒப்பனை அவர்கள் விருப்பமா? முதலாளியின் கட்டளை. அழகாக நிற்க வேண்டும். ஆனால் உட்காரக் கூடாது! காலை முதல் இரவு வரை நின்று, கால் நரம்பு புடைத்து வீடு திரும்புவார்கள். 2021இல் தமிழ்நாடு சட்டமன்றம் கடைச் சட்டத்தைத் திருத்தி, அவர்கள் உட்கார இருக்கை தந்தாக வேண்டும் என்று விதித்தது. பூசிய முகத்தைப் பற்றி ஆயிரம் பேர் பேசினார்கள். வீங்கிய காலைப் பற்றிப் பேச ஒரு சட்டம் வர வேண்டியிருந்தது. அந்தப் பெண்களிடம் போய் ஒப்பனை விடுதலைக்கு ஒக்குமா என்று கேட்டால், "முதலில் ஒரு முக்காலி போடு" என்பார்கள்.

இதுதான் நான் கேட்கும் கேள்வி. பூசாமல் வர அவளுக்கு உரிமை உண்டா? பூசாமல் வந்தால் வேலை போகுமா, மணம் தவறுமா, மாமியார் சீறுவாளா? போகும் என்றால் அது விலங்கு. அரும்பு மல்லிகையாயிருந்தாலும் விலங்கு. போகாது, விரும்பினால் பூசுவேன், வேண்டாத நாளில் கழுவுவேன் என்று அவளால் சொல்ல முடியுமென்றால், அதில் தலையிட எனக்கும் உரிமை இல்லை, சீட்டு எழுதிய தோழருக்கும் இல்லை.

இனி, எல்லாவற்றினும் கனமான ஒப்பனைக்கு வருகிறேன்.

கொள்ளிடத்துக்கு வடகரையில் நெல்லும் வாழையும் விளைகிற இந்த வட்டத்தில், அறுவடைப் பணம் எந்த வழியே போகிறது என்று பாருங்கள். பெண் பிறந்த அன்றே, குண்டுமணி குண்டுமணியாகச் சேர்க்கத் தொடங்குகிறார்கள். திருச்சிப் பெரியகடை வீதிக்குப் போய்ப் பவுன் பவுனாக வாங்குகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் முப்பது கேட்கிறார்கள், ஐம்பது கேட்கிறார்கள். திருமண நாளில் அந்தப் பெண்ணைப் பார்த்திருக்கிறீர்களா? நெற்றிச்சுட்டி முதல் கால் மெட்டி வரை, கல்யாணத்துக்கு வந்தோர் கண்ணாலேயே எடை போடும்படி நிறுத்தி வைக்கிறார்கள். உதட்டுச் சாயத்தின் விலை என்ன, ஒட்டியாணத்தின் விலை என்ன? சாயம் இரவில் கழுவினால் போய்விடும். இதன் கடன் பத்தாண்டு போகாது. திருச்சியைச் சுற்றிய சிற்றூர்களில் செயற்கை வைரக்கல்லுக்குப் பட்டை தீட்டித் தீட்டிப் பார்வை மங்கிய பெண்களும் உண்டு. ஊர்க் கழுத்துகளுக்கெல்லாம் ஒளி தந்த அவர்கள், தம் மகள் கழுத்துக்குக் கடன்தான் வாங்கினார்கள்.

கதை அதோடு முடிந்தால்கூடப் பொறுக்கலாம். தந்தை கண்ணை மூடுகிறார். ஆறு மாதம் கழித்து அண்ணன், தங்கையைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்து வருகிறான். வரும் வழியில் காப்பி வாங்கித் தருகிறான், அன்பாகத்தான் பேசுகிறான். "உனக்குத்தான் அப்பா நகை போட்டாரே அம்மா! நிலம் எதற்கு? நாளைக்கு நல்லது கெட்டதுக்குப் பிறந்த வீடு வேண்டாமா?" என்கிறான். தங்கை கையெழுத்திடுகிறாள். அந்தத் தாளுக்குப் பத்திர எழுத்தர் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? விடுதலைப் பத்திரம்!

ஆம், தன் பங்கிலிருந்து பெண் தன்னை விடுவித்துக்கொண்டதாக எழுதிக் கொடுக்கும் தாளுக்கு விடுதலைப் பத்திரம் என்றுதான் பெயர். நானே ஒரு நாடகத்தில் இப்படி எழுதியிருந்தால், மிகையாக எழுதுகிறான் என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். 1929 முதல் 1989 வரை அறுபது ஆண்டு போராடி வாங்கிய உரிமையை, ஒரு காப்பிக்கும் ஒரு சங்கிலிக்கும் ஈடாக எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். அந்தச் சங்கிலி மாமியார் பீரோவில் இருக்கும். அல்லது அடகுக் கடையில் இருக்கும். வயல் மட்டும் அண்ணன் பெயரில் பச்சைப் பசேலென்று இருக்கும். மகளின் கழுத்துக்குப் பொன் போட்டது அன்பினால் மட்டுமா, நிலத்தைத் தப்ப வைக்கும் முன்பணமாகவுமா என்று அந்த மாணவி கேட்டார். இந்தக் கேள்வி காதில் விழாதபடி, அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நம்மவர்கள்.

நம்மவர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். 1957 நவம்பர் 26ஆம் நாள் சாதியைக் காக்கும் சட்டப் பிரிவுகளைக் கொளுத்திச் சிறை புகுந்த தொண்டர்களின் ஊர்கள் இந்த வட்டத்தில் உண்டு. அந்தக் குடும்பங்களின் பேரப் பிள்ளைகள் இன்று நம் கூட்டங்களில் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுத் திருமணங்களுக்கு நான் தலைமை தாங்கியிருக்கிறேன். ஐயர் இல்லை, ஓமம் இல்லை. மேடையில் பெரியார் படம் உண்டு. மணமகள் கழுத்தில் நாற்பது பவுனும் உண்டு! மாலையை எடுத்துக் கொடுத்துவிட்டு, பகுத்தறிவுத் திருமணம் என்று அரை மணி நேரம் பேசிவிட்டு, சாப்பிட்டு வந்திருக்கிறேன். நாற்பது பவுனைப் பற்றிச் சீட்டு வந்ததில்லை.

வைகாசி முகூர்த்தங்களுக்கு அழைப்பிதழ்கள் வரத் தொடங்கிவிட்டன. தலைமை தாங்க அழைக்கும் ஒவ்வொரு தோழரிடமும் இனி நான் இரண்டு தாள் கேட்கப் போகிறேன்: ஒன்று அழைப்பிதழ், மற்றொன்று, மணமகளின் பெயரும் மணமகனின் உடன்பிறந்த பெண்களின் பெயரும் ஏறிய பட்டாவின் நகல். மணமகள் உதட்டில் என்ன நிறம் என்று நான் பார்க்கப் போவதில்லை. இந்த ஏட்டைப் படிக்கும் அண்ணன்மார்களே, உங்கள் தங்கையிடம் எழுதி வாங்கிய விடுதலைப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது?